தவசி வண்டியின் கால் கறுத்த கதை

கண்ணுகளா, ஒரு விடுகதை போடுகிறேன். இரண்டு கால் உண்டு, நடக்கத் தெரியாது. பள்ளம் வந்தால் உட்காரும், பள்ளம் போனால் எழுந்திருக்கும். அது என்ன?

கொக்கு இல்லை. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிற குழாய்கள்தான். பட்டறையில் ஃபோர்க் என்பார்கள். அப்படியேபட்டியில் முன்னங்கால் என்பார்கள். எதைச் சொன்னாலும் அப்படியே செய்கிற ஊர் அது. பெயரும் அப்படி வந்ததுதான்.

அந்த ஊர்த் தவசிக்கு ஒரு பழைய வண்டி இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, முன்னங்கால் இரண்டும் வெள்ளியாய்ப் பளபளக்கும். திங்கட்கிழமை அவன் மகள் செவ்வந்தி ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். மகளை முன்னால் உட்கார வைத்து, ஹாரன் அடித்துக்கொண்டு, ஊர் பார்க்கப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பது அவள் பிறந்த அன்றே தவசிக்கு வந்த ஆசை. செவ்வந்தியோ வண்டிப் பக்கமே வரவில்லை.

“அது ரெண்டு பல்லைக் காட்டுது. பல்லு கறுப்பானாத்தான் ஏறுவேன்” என்றாள்.

தவசி சனிக்கிழமை காலையில் டவுன் பட்டறை மேஸ்திரிக்குப் போன் போட்டான். மேஸ்திரி அவசரத்தில் இருந்தார்.

“மூணு வழி இருக்கு தம்பி. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் கறுப்பு அடிக்கலாம். இல்லேன்னா பவுடர் கோட்டு. அதுவும் வேணாம்னா ரப்பர் பூட்ஸ் மாட்டிவிடு, வேலை முடிஞ்சுது.” போனை வைத்துவிட்டார். உப்புத்தாள் என்றால் மணல் ஒட்டிய தேய்ப்புத் தாள், பவுடர் கோட்டு என்றால் தூள் தூவிச் சூட்டில் பிடிக்கவைக்கிற பெயிண்ட், பூட்ஸ் என்றால் குழாய்க்கு மாட்டுகிற ரப்பர் உறை என்று விளக்க அவருக்கு நேரமில்லை.

தவசி உடனே மச்சினன் மாயழகையும், எதிர்வீட்டுப் பிச்சாண்டி அண்ணனையும் கூப்பிட்டான். மூவரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“உப்பு தெரியும், தாளும் தெரியும். கல்லுப்பா, தூளுப்பா?” என்றான் மாயழகு.

“தேய்க்கணும்னு சொன்னாருல்ல? கல்லுப்புதான் தேயும்” என்றார் பிச்சாண்டி. “தாளுதான் யோசிக்கணும். காலண்டர் தாள்ல நல்ல நாளாப் பார்த்துக் கிழி.”

முகூர்த்த நாள் ஒன்றைக் கிழித்தார்கள். கல்லுப்பை அதில் மடித்து, தண்ணீர் தொட்டு, சாயங்காலம் வரை தேய்த்தார்கள். தவசிக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. மகள் ஏறுவாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தேய்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து பார்த்தால் குழாய் இரண்டும் துருப்பிடித்துச் செக்கச்செவேல் என்று நின்றன.

“ஐயோ, சிவந்துபோச்சே அண்ணே!”

“எதுக்குடா கத்துற? தோசை எப்படிக் கறுக்குது? முதல்ல சிவக்கும், அப்புறம்தானே கறுக்கும்? நாம பாதி வழி வந்துட்டோம்.”

தவசிக்கு மனசு நிறைந்துபோயிற்று. தோசைக்குத் தோதாக இரண்டு வறட்டியைக் கொளுத்திக் குழாய்க்குக் கீழே வைத்தார்கள். ஹாரன் ஒயர் உருகி, வண்டி தானாகவே ‘பாம்ம்’ என்று கத்திவிட்டு ஓய்ந்தது.

“அதுக்குச் சூடு பிடிக்கல போல. அடுத்த வழி என்ன?”

“பவுடர், கோட்டு.”

செவ்வந்தியின் பவுடர் டப்பா முழுவதையும் குழாயில் பூசினார்கள். சிவப்புப் போய் வெள்ளை வந்தது.

“மச்சான், கறுப்புக்கு எதிர்ப்பக்கம் போறோமோ?” என்றான் மாயழகு.

“அவசரப்படாத மாப்ளே. இன்னும் கோட்டு போடலியே! உன் கல்யாணக் கோட்டு என்ன கலரு?”

“கறுப்பு.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி எவ்வளவு யோசித்துச் சொல்லியிருக்கிறார்!

“கோட்டுக்கு ரெண்டு கை. வண்டிக்கு ரெண்டு கால். அளவெடுத்த மாதிரி இருக்கே” என்று பிச்சாண்டி கண் கலங்கினார்.

கோட்டை மாட்ட முன்சக்கரம் இடைஞ்சலாக இருந்தது. வண்டியைக் கல்மேல் தூக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். கீழேயிருந்து கோட்டை ஏற்றினார்கள். ஆளுக்கொரு கையாகக் குழாய்கள் உள்ளே போயின. முதுகுப்பக்கம் ஹெட்லைட்டை மூடிக்கொண்டது. கையின் முனையில் மட்டும் கொஞ்சம் வெள்ளை எட்டிப்பார்த்தது.

“அதுக்குத்தான் பூட்ஸ்!” என்று தவசி குதித்தான்.

சாக்கடை அள்ள மாயழகு வைத்திருந்த முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வந்தது. இடது காலுக்கு இடது, வலது காலுக்கு வலது. கல்லை எடுத்தார்கள். வண்டி விழவில்லை. கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, பின்சக்கரத்தில் சாய்ந்து, கலெக்டர் மாதிரி நின்றது. தவசி தன்னையறியாமல் வேட்டியை இறக்கிவிட்டான்.

திங்கட்கிழமை காலையில் செவ்வந்தி பையை மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

“பல்லு எங்கப்பா?”

“கறுப்பாயிருச்சு கண்ணு. ஏறு!”

தவசி அவளைத் தூக்கி உட்கார வைத்தான். உதைத்துக் கிளப்பி, கியர் போட்டு, முறுக்கினான். பின்சக்கரம் உறுமியது. பூட்ஸ் இரண்டும் மண்ணில் ஊன்றிக்கொண்டு ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

“அதுக்குப் புது பூட்ஸுல்ல, காலைக் கடிக்குது போல” என்றார் பிச்சாண்டி.

“நடக்கப் பழக நாலு நாள் ஆகும் மச்சான்” என்றான் மாயழகு. “அதுவரைக்கும் நாம தூக்கிட்டுப் போவோம்.”

செவ்வந்தியை இறக்கிவிட்டு, மூவரும் வண்டியைத் தோளில் ஏற்றினார்கள். ஹாரன் உருகிவிட்டதால் தவசி வாயாலேயே ‘பாம் பாம்’ என்றான். பிறகு மகளைப் பார்த்தான்.

“வா கண்ணு, மேல ஏறிக்கிறியா? இல்ல, நடந்து வரியா?”

சுவரோரம் முன்சக்கரம் சாய்ந்து கிடந்தது. அதன் கம்பிகள் எல்லாம் வெள்ளியாய்ப் பளபளத்தன.

செவ்வந்தி ஒரு குச்சியை எடுத்து, சக்கரத்தைத் தட்டி உருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.