எழுபதாவது எழுத்துக்குப் பிறகு

உப்பளங்களை ஒட்டியிருந்த அந்த மடத்துக்கு உலகம்மை தலைவி. அவருக்கு வயது முப்பத்தெட்டு. சீடராக வந்து சேர்ந்த கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தைந்து. இருபத்தேழு வருடம் தொலைபேசி நிறுவனங்களில் வேலை பார்த்தவர், மனம் அடங்க வழி கேட்டு வந்திருந்தார்.

"அதைப் பிறகு பாத்துக்கலாம். கண் முகாமுக்குச் சேதி அனுப்ப ஆள் இல்ல. அதைப் பாருங்க" என்றார் உலகம்மை.

மடம் மாதம் ஒரு கண் முகாம் நடத்திவந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் என்றைக்கு வரவேண்டும், மருந்தை எத்தனை நாள் விடவேண்டும் என்றெல்லாம் அவர்களுடைய போனுக்குக் குறுஞ்செய்தி போகும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவார்கள். ஒரு செய்தியில் நூற்று அறுபது எழுத்து கொள்ளும். கோமதிநாயகம் வந்த முதல் வாரமே, ஒருவருக்கு ஒரே செய்திதான், அதற்கு மேல் போகக்கூடாது என்று கணினியில் வரம்பு வைத்தார்; மிஞ்சுவதைக் கணினியே வெட்டிவிடும். செலவு பாதியாகக் குறைந்தது. அதை நாலு பேரிடம் சொல்லியும் காட்டினார்.

ஒருநாள் உலகம்மை சொன்னார்: "நம்ம ஜனங்களுக்கு அந்த எழுத்து ஓடாது. தமிழ்லயே போகட்டும்."

கோமதிநாயகம் தமிழுக்கு மாற்றினார். வரம்பை எடுக்க மறந்தார்.

தமிழ் எழுத்து வந்துவிட்டால் ஒரு செய்தியில் எழுபதுதான் கொள்ளும். புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனியாகக் கணக்காகும். இது தெரியாத ஆள் இல்லை அவர்.

அடுத்த முகாமில் மாடத்தி வந்தார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். போன மாதம் அறுவை செய்த வலது கண் சிவந்து வீங்கியிருந்தது.

"மருந்து விட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"வலி நின்னதும் நிப்பாட்டிட்டேன். நீங்கதான அனுப்பியிருந்தீக? நானே வாசிச்சேன்."

பக்கத்து மேசையிலிருந்த கோமதிநாயகம் போனை வாங்கிப் பார்த்தார்.

'வணக்கம், கண் முகாமிலிருந்து: வலி நின்றதும் சொட்டு மருந்தை நிறுத்தலாம்'

அவ்வளவுதான் இருந்தது. 'என்று நினைக்காதீர்கள், நாற்பது நாளும் விடுங்கள்' என்ற மிச்சம் வந்து சேரவே இல்லை. பார்த்த கணமே அவருக்கு விளங்கிவிட்டது. வரிசையில் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். டாக்டர் அவர் முகத்தையே பார்த்தார்.

"நிறுத்தலாம்னு நினைக்காதீங்கன்னுதான் அனுப்பினோம். நீங்க சரியா வாசிக்கல" என்றது கோமதிநாயகத்தின் வாய். விரல் அந்தச் செய்தியை அழித்தது.

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மாடத்தி தலையைக் குனிந்துகொண்டார். "இருக்கும்யா. எனக்கு எழுத்து அவ்வளவாக் கூடி வராது."

அன்று மாலைக்குள், வரம்பை அன்றைக்கு மட்டும் தளர்த்தி, மற்றவர்களுக்கெல்லாம் முழுச் செய்தியையும் அனுப்பிவிட்டார். அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடத்தியை மடமே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் பார்த்தது. வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

ஒன்பது நாள் கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் உலகம்மையின் முன்னால் போய் நின்று, அழித்ததுவரை எல்லாவற்றையும் சொன்னார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அந்தம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டுமாம்மா?"

"சரியா வாசிக்கலன்னு அவங்களை எங்க வச்சுச் சொன்னீங்க?"

"முகாம்ல. வரிசைக்கு முன்னால."

"அடுத்த முகாம் என்னைக்கு?"

"இன்னும் மூணு வாரம் இருக்கு."

உலகம்மை எழுந்து போனார்.

மூன்று வாரமும் ஒவ்வொரு நாளாகக் கழிந்தது. முகாம் அன்று மாடத்தி வந்து வரிசையில் நின்றார். கோமதிநாயகம் மேசையை விட்டு எழுந்தார்.

"போன தடவை இந்த அம்மாவைப் பத்தி ஒண்ணு சொன்னேன்" என்று தொடங்கினார். "இங்கிலீஷ் எழுத்துக்குக் கொஞ்சம் இடம் போதும். தமிழ் எழுத்துக்கு ரெட்டிப்புக்கு மேல வேணும். அதனால சேதி பாதியில நின்னு..."

"அப்ப நம்ம எழுத்து மேல குத்தமாய்யா?" என்று கேட்டார் மாடத்தி.

கோமதிநாயகம் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் அந்தக் கேள்வியோடு போயிற்று.

"இல்லம்மா. குத்தம் என் மேலதான். பாதிச் சேதியை அனுப்பினது நான். நீங்க சரியாத்தான் வாசிச்சீங்க. அது தெரிஞ்சும் பொய் சொன்னேன். உங்க போன்ல இருந்து அதை அழிச்சதும் நான்தான்."

மாடத்தி பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"ஒரு மாசமா நான் ஒண்ணையும் வாசிக்கலய்யா. பஸ் போர்டைக்கூடப் பக்கத்துல நிக்கவங்ககிட்டதான் கேட்டேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே வரம்பை அடியோடு எடுத்தார்கள். ஒரு செய்தி இரண்டாகவும் மூன்றாகவும் போயிற்று, செலவும் அப்படியே ஏறியது. உலகம்மை இன்னொன்றும் சொன்னார்: "இனி எந்தச் சேதியும் முதல்ல மாடத்திக்குப் போகட்டும். அவங்க வாசிச்சுச் சொன்ன பிறகு மத்தவங்களுக்கு."

"சம்மதிப்பாங்களாம்மா?"

"நீங்கதான் கேக்கணும்."

கேட்டார். மாடத்தி ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அதிலிருந்து செய்தியை அனுப்பியதும் கோமதிநாயகம் அவரைப் போனில் கூப்பிடுவார். மாடத்தி இருக்கிற ஒற்றைக் கண்ணால் எழுத்துக்கூட்டி, முதல் எழுத்திலிருந்து நிதானமாக வாசிப்பார். முடித்ததும் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "இதுக்கு மேல ஒண்ணும் இல்லையேய்யா?"

"இல்லம்மா" என்பார் இவர். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருக்கும்.

நான்கு மாதம் இப்படியே போனது. ஒருநாள் கோமதிநாயகம் உலகம்மையிடம் வந்தார்.

"அம்மா, அந்தக் குரலைக் கேக்கிறப்பல்லாம் உடம்பு கூசுது. இந்தக் கூச்சம் என்னைக்குத் தீரும்? இந்த வேலைக்கு வேற யாரையாவது வைக்கக்கூடாதா?"

உலகம்மை அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"உங்க குரலைக் கேக்க அவங்களுக்கு மட்டும் கூசாதா? ஒவ்வொரு தடவையும் போனை எடுக்காங்களே."