திரைக்கு வெளியே இரண்டு பாதங்கள்

செங்குன்றத்து ராஜா மாறவேலர் ஒரு வருஷப் போர் முடிந்து திரும்பி ஏழரை மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ராணிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. ஒரு கையில் ஏந்தலாம், அவ்வளவு சின்னப் பிள்ளை.

மந்திரி பூதலிங்கருக்கு ராணியைக் கண்டாலே ஆகாது. தன் வீட்டுக் குழந்தையையும் அரண்மனைக்குத் தூக்கிவரச் செய்து, தாதிகளை விட்டு இரண்டையும் எடை போட வைத்தார். நேரே ராஜாவின் காதைக் கடித்தார்.

"என் பேரனும் நேத்துதான் பிறந்தான், மகாராஜா. பொடிசுதான், ஆனா பத்து மாசம் நிறைஞ்சவன். ரெண்டும் ஒரே எடை. எடை ஒண்ணுன்னா மாசமும் ஒண்ணுதானே? பத்து மாசத்துக்கு முன்னே நீங்க எங்கே இருந்தீங்க?"

ராஜாவின் முகம் கறுத்தது. ராணியையும் பிள்ளையையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பப் பல்லக்கு வந்து நின்றது.

அரண்மனை மருத்துவச்சி செம்பாயி பல்லக்கைப் பார்த்தாள். அந்தப் பிஞ்சு ஒரு நாள் பயணம்கூடத் தாங்காது. ஆனால் மந்திரியோடு மல்லுக்கு நின்றால் எடுபடுமா? சிரித்த முகத்தோடு ராஜா முன்னால் போய் நின்றாள்.

"மந்திரி ஐயா சொன்னா சரிதான். ஒரு சங்கடம், மகாராஜா. ரெண்டு பிள்ளையும் ஒரே அறையில கிடந்துச்சு. எது எதுன்னு தாதிங்க குழம்பிட்டாங்க. ஐயா தொடுற பிள்ளை அவர் வீட்டுக்கு, மத்தது பல்லக்குக்கு!"

பிரசவ அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. ஆகவே வாசல் திரைக்கு வெளியே ஆளுக்கு ஒரு பிள்ளையின் பாதத்தை மட்டும் நீட்டினார்கள் தாதிகள். பூதலிங்கர் அருகில் வந்தார். தவறினால் பேரன் போய்விடுவானே! குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இவன்தான் என் பேரன்! உள்ளங்கால் முழுக்க ரேகை ஓடுது. அந்தக் கால் வழவழன்னு இருக்கு, இன்னும் ரேகையே விழலை!"

"பொறுங்க, காதையும் பாத்துடுங்க," என்றாள் செம்பாயி. தாதிகள் ஆளுக்கு ஒரு காதை மட்டும் திரை ஓரமாகக் காட்டினார்கள்.

ஒரு காதை மடக்கி விட்டார், டக்கென்று நிமிர்ந்தது. மற்றது மடக்கியபடியே கிடந்தது.

"நான் சொல்லலை? இவன் நிறைமாசத்துப் பிள்ளை. அது பாவம், இன்னும் மாசமே…"

மந்திரி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க ஐயா," என்றாள் செம்பாயி. "எடை ஒண்ணா இருந்தும் மாசம் வேறன்னு உங்க வாயாலேயே வரட்டும்."

ராஜா வெட்கத்தில் தலைகுனிந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

"மாலை இருக்கட்டும், மகாராஜா. பிள்ளை தேறுற வரைக்கும் அம்மா நெஞ்சுச் சூட்டிலேயே கிடக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும். ஆமாம், இவனுக்கு அப்படி என்ன அவசரம்?"

"நீங்க அடுத்த போருக்குக் கிளம்புறதுக்குள்ள உங்க முகத்தைப் பாத்துடணுமேன்னுதான், மகாராஜா!"