கடையடைப்பு நாளில் கேட்ட தண்ணீர்

ஊருக்குத் தண்ணீர் தேடி அலைந்த இன்ஜினீயர் அருமைநாயகத்துக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரு குரு வாய்த்தாள். பெயர் முத்துப்பேச்சி, குழாய் பழுது பார்க்கும் தொழிலாளி. வயது முப்பதுகூட ஆகவில்லை. ரோட்டில் கடப்பாரையை ஊன்றி, அதன் தலையில் காதை வைப்பாள். பூமிக்குள் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று அப்படியே சொல்லிவிடுவாள். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள இவர் மூன்று மாதமாக அவள் பின்னால் நடந்தார். ஆபீஸில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே!

அன்று நகரம் முழுக்கக் கடையடைப்பு. தண்ணீர் கேட்டுத்தான்.

சாயங்காலத்துக்குள் அருமைநாயகம் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், வல்லக்குறிச்சிக் குளத்திலிருந்து நகரத்துக்கு இரண்டாவது குழாய் வரும். குளம் வற்றிப் போகும். அந்த ஊரில் நெல் விவசாயம் அதோடு சரி.

"நான் என்னதான் செய்யட்டும், முத்துப்பேச்சி? இந்த ஊர்ல வேற தண்ணி ஏது?"

அவள் வெறிச்சோடிக் கிடந்த கடைத்தெரு நடுவில் கடப்பாரையை ஊன்றினாள்.

"காதை வைங்க சார்."

"எனக்குத்தான் ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்லையே."

"இன்னைக்கு பஸ் இல்ல, லாரி இல்ல. வைங்க."

முழங்காலிட்டார். வெயிலில் கம்பி சுட்டது. முதலில் அவருடைய மூச்சுதான் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாடி!

ரோட்டுக்கு அடியில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் ஒரு நொடிகூட ஓயவில்லை. மேலே, பூட்டிய கடைகளுக்கு முன்னால் காலிக் குடங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

முத்துப்பேச்சி பத்தடி தள்ளி ஊன்றினாள். அங்கேயும் அதே இரைச்சல். போஸ்ட் ஆபீஸ் முக்கில் ஊன்றினாள். அங்கே இன்னும் பலமாகக் கேட்டது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதே தெருவில் எத்தனை தடவை ஜீப்பில் போயிருப்பார்! காது சிவந்து எரிந்தும் கம்பியை விட்டு விலக மனம் வரவில்லை.

"ஆறு மாதிரி ஓடுதே, முத்துப்பேச்சி!" அண்ணாந்து அவளைப் பார்த்தார். "இவ்வளவு தண்ணியா? இது எங்கேயிருந்து வருது?"

அவள் கடப்பாரையைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"வல்லக்குறிச்சித் தண்ணிதான் சார், உடைஞ்ச குழாய் வழியா வீணாப் போகுது. பத்து வருசத்துக்கு முன்னால நீங்க போய் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டீங்களே, அப்போ அவங்க குடுத்தது."