மிஞ்சாத படை

“நீ ஒரு மிச்சம்! இந்த அரண்மனையிலேயே நீ ஒருத்தன்தான் மிச்சம்!”

“இருந்துட்டுப் போறேனே, தளவாயவர்களே. அதனாலே உங்களுக்கு எங்கே…”

“வில் பிடிக்கத் தெரியுமா? வேல் பிடிக்கத் தெரியுமா?”

“…இடிக்குது? கொட்டாவியை அடக்கிப் பிடிக்கத் தெரியும். இந்தச் சபையிலே அதுவே பெரிய வித்தை.”

முன்னொரு காலத்தில், எண்ணென்றால் உயிரை விடும் ராஜா ஒருவர் இருந்தார். அவர் முன்னால்தான் தளவாய் செங்கோடரும் கிழட்டு விகடன் நல்லாண்டியும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ராஜாவின் படையில் தளவாயையும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது பேர். இரண்டிரண்டாக நிறுத்தினாலும், மும்மூன்றாக நிறுத்தினாலும், ஏழேழாக, ஒன்பதொன்பதாக, பத்துப் பத்தாக என்று பத்துவரை எப்படி நிறுத்தினாலும் வரிசை நிரம்பும். ஓர் ஆள் மிஞ்சமாட்டான். அதைவிடச் சின்னப் படை எதற்கும் இந்தப் பாக்கியம் கிடையாது. ஆகவே ராஜா தினமும் அவர்களை வெயிலில் அத்தனை விதமாகவும் நிறுத்திப் பார்த்து ரசிப்பார். வீரர்களுக்கு, போர் வந்தாலாவது தேவலை என்றிருந்தது.

“மகாராஜா, நாளைக்கு விகடனையும் படையில் சேர்ப்போம்” என்றார் தளவாய். “வரிசையில் இடமில்லாமல் மிஞ்சுகிறவன் நாட்டை விட்டே போகட்டும்.”

“பலே! அதுவே நம் ஆணை.”

‘இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எல்லை தாண்டி எங்கே நடப்பது?’ என்று நினைத்தபடியே நல்லாண்டி வீட்டுக்குப் போனான்.

மறுநாள் முரசு கொட்டும் முன்பே வந்து, மைதானத்தின் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.

“முன்னாலேயா? அம்பு முதலில் வருகிற இடமாயிற்றே! இரு, இரு” என்று சிரித்தார் தளவாய். அவர் என்றைக்கும் கடைசி ஆளாகத்தான் நிற்பார். கேட்டால், கண்காணிப்பு என்பார்.

“இரண்டிரண்டாக!” என்றார் யானை மேலிருந்த ராஜா.

முன்னிருந்து வரிசைகள் நிரம்பிக்கொண்டே போயின. கடைசியில் தளவாய் தனியாக நின்றார்.

“மும்மூன்றாக!”

தளவாய் தனியாக நின்றார். பத்துவரை போயும் தளவாய்தான் தனி.

“மோசடி! மிஞ்சினவன் அவன்தான், மகாராஜா!”

“எனக்குப் பக்கத்திலே ஆள் நிக்கிறாரே. உங்களுக்குப் பக்கத்திலே?”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “செங்கோடரே, ஆணை ஆணைதான். எல்லைவரை பல்லக்கு வேண்டுமா?”

“வேண்டாம் மகாராஜா, அவரை அனுப்பிடாதீங்க!” என்று நல்லாண்டி பதறினான். “அவர் போயிட்டா என்னோடு சேர்த்து மறுபடியும் கணக்குச் சரியாப் போயிடும். நான் தினமும் இங்கே வந்து நிக்கணும். அவரை மன்னிச்சுடுங்க, என்னைக் கழிச்சுடுங்க.”

ராஜாவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். “வேறென்ன வேண்டும், கேள்!”

“எல்லாரும் கொஞ்சம் உட்காரணும்.”

“உட்காரட்டும்!”

படை முழுவதும் அப்படியே மண்ணில் சரிந்தது. தளவாயும் உட்கார்ந்தார். நல்லாண்டி மாலையை மடியில் போட்டுக்கொண்டு காலை நீட்டினான்.

ராஜா யானைமேல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“நல்லாண்டி, பதினொன்று பதினொன்றாக நிறுத்திப் பார்த்ததே இல்லையே. பார்ப்போமா?”