சடைச்சி பிரித்த போர்வை

சோலைக்காட்டில் ஒரு நாவல் மரம். அதன் உச்சிக் கிளையில் சடைச்சி என்ற மலையணில் மூன்று குட்டிகளோடு இருந்தாள். குட்டிகள் பிறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் கண் திறக்கவில்லை. உடம்பில் பேருக்கு ஒரு முடிகூட இல்லை.

அந்தக் காட்டு அணில்கள் குளிர் வந்தால் குட்டிகளை வாலால் போர்த்திக்கொள்ளும். சடைச்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன கோடையில் ஒரு பருந்து அவளைத் துரத்தியது. உயிர் தப்பியது, வாலில் பாதி தப்பவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் அவள் கிளைக்குப் பின்னால் வாலை மறைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

ஒருநாள் காலையில் பக்கத்து மரத்துக் கரிச்சான் குருவி பறந்து வந்தது.

"சடைச்சி! மேட்டுப் புல்வெளியில உறைபனி விழ ஆரம்பிச்சிடுச்சு! பத்து நாள்ல இங்கேயும் வந்திடும்!"

வாலால் போர்த்த சடைச்சிக்கு வழியில்லை. ஆனால் அவளுக்குத் தைக்கத் தெரியும். காட்டிலுள்ள எல்லோருக்கும் கொட்டை சேர்க்கும் பை தைத்துத் தந்தவள் அவள்தான். கிளைக் கவட்டில் அவளுடைய சின்னக் கைமிஷின் இருந்தது. உடனே வேலையில் இறங்கினாள்.

மேலே ஒட்டுத்துணி, நடுவில் இலவம்பஞ்சு, அடியில் பழைய துணி. மூன்றையும் சேர்த்து வரிவரியாகத் தைக்க வேண்டும். தைக்காமல் விட்டால் உச்சிக் கிளைக் காற்று பஞ்சை ஊதித் தள்ளிவிடும். சுருட்டிய போர்வையோ அந்தச் சின்ன மிஷினுக்குள் நுழைய மாட்டேன் என்றது. சடைச்சி தள்ளினாள், இழுத்தாள், திட்டினாள். தையல் கோணலும் மாணலுமாக ஓடியது. ஆனாலும் மூன்று நாளில் முக்கால்வாசிப் போர்வை முடிந்துவிட்டது.

நான்காம் நாள் மைனா வந்தது. தையல் மிஷின்களை ஊர் ஊராகச் சொல்லி விற்கும் மைனா அது.

"என்ன அக்கா இது, மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கு! இதைப் பாருங்க!"

அது ஒரு போர்வைத் துண்டை விரித்துக் காட்டியது. கோடு போட்டாற்போல் தையல். ஓரமெல்லாம் நூல் பூக்கள்.

"புதுக் கால்மிஷின் அக்கா! எவ்வளவு தடிமனா இருந்தாலும் வழுக்கிட்டுப் போகும். நாற்பது விதமான பூத்தையல். உங்க பழைய மிஷினைக் கொடுத்துட்டு இதை எடுத்துக்கலாம். மூணு நாள்ல கொண்டுவந்து இறக்கிடறேன்."

மைனா பொய் சொல்லவில்லை. மிஷின் அப்பேர்ப்பட்டதுதான்.

சடைச்சிக்கு அந்தத் துண்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தன் போர்வையைப் பார்த்தாள். கூச்சமாக இருந்தது. வாங்கலாமா, வேண்டாமா? கிளையில் மேலும் கீழுமாக ஓடினாள். கடைசியில் கரிச்சானைக் கூப்பிட்டாள்.

"பழசே போதுமா, புதுசு வாங்கலாமா? சொல்லேன்!"

"முதல்ல இந்தப் போர்வையை முடி. அப்புறம் எதை வேணா வாங்கிக்க."

"கோணலா இருக்கே!"

"பனிக்குக் கண்ணா இருக்கு? கோணலைப் பார்த்துட்டா உள்ளே வரப்போகுது?"

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவே! வால்தான் போச்சு, என் குட்டிங்க போர்வையாவது நாலு பேர் மெச்சுற மாதிரி இருக்க வேண்டாமா?"

கரிச்சான் அவள் முகத்தைப் பார்த்தது. தன் மரத்துக்குப் பறந்துவிட்டது.

மறுநாள் சடைச்சி மைனாவிடம் சரி என்று சொன்னாள். மைனாவோடு வந்த இரண்டு குரங்குகள் கைமிஷினைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கின.

அத்தோடு விட்டிருந்தால்கூட அந்த முக்கால் போர்வை மிஞ்சியிருக்கும். ஆனால் ஒரு பக்கம் கோணல், ஒரு பக்கம் நேர் என்றால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. உட்கார்ந்து பல்லால் ஒவ்வொரு தையலாகக் கடித்து, முழுப் போர்வையையும் பிரித்துப் போட்டாள். பஞ்சைக் கிளை இடுக்கில் அடைத்தாள். துணிகளைத் தனித்தனியாக மடித்து வைத்தாள்.

சொன்ன நாளில் மிஷின் வந்தது. கன்னங்கரேலென்று பளபளத்தது. மிதித்தால் சத்தமே இல்லை. "இன்னும் மூணு நாள் இருக்கு. ஒரே நாள்ல முடிச்சிடுவேன்!" என்று சடைச்சி துள்ளினாள்.

ஆனால் நாற்பது பூக்களில் எந்தப் பூவைப் போடுவது? குறிஞ்சியைப் போட்டுப் பார்த்தாள். பிரித்தாள். மல்லிகையைப் போட்டாள். அதுவும் பிடிக்கவில்லை. மாங்காய் வடிவம் நன்றாக இருந்தது, ஆனால் அடுத்தது இன்னும் நன்றாக இருந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று தவித்த அதே மனசு, இப்போது இந்தப் பூவா அந்தப் பூவா என்று தவித்தது. இரண்டு பகல் அப்படியே போயின.

பத்தாம் நாள் காலையில் குறிஞ்சியே என்று முடிவு செய்தாள். மூலையிலிருந்து தைக்கத் தொடங்கினாள். இழை பிசகாமல் தைத்தாள். பொழுது சாயும்போது ஓர் உள்ளங்கை அளவு முடிந்திருந்தது.

காற்று சில்லிட்டது. காடு முழுக்கச் சத்தம் அடங்கியது. கரிச்சான் அலறிக்கொண்டு வந்தது.

"சடைச்சி! வந்திடுச்சு! போர்வை எங்கே?"

சடைச்சி அந்த உள்ளங்கைத் துணியை எடுத்துக் குட்டிகள் மேல் போட்டாள். ஒரு குட்டியின் தலையைத்தான் அது மூடியது. பஞ்சை அள்ளிப் போட்டாள், காற்று அசைந்ததும் அது பறந்தது. மடித்து வைத்த துணிகளையெல்லாம் உதறிப் போர்த்தினாள். பனி அவற்றை நனைத்தது, நனைந்த துணி இன்னும் குளிர்ந்தது. பாதி வாலை விரித்தாள். தன் உடம்பையே மேலே போட்டுக் கவிழ்ந்துகொண்டாள். "கொஞ்சம் பொறுங்கடா, கொஞ்சம் பொறுங்கடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விடிந்தபோது இலைகளெல்லாம் வெள்ளையாக இருந்தன. அவளுக்கு அடியில் மூன்று குட்டிகளும் விறைத்துக் கிடந்தன.

சடைச்சி அழவில்லை. மிஷின்முன் போய் உட்கார்ந்தாள். கரிச்சான் கூப்பிட்டும் திரும்பவில்லை. இரண்டு நாள் மிதித்துக்கொண்டே இருந்தாள். போர்வை முடிந்தது. விஷயம் தெரியாத மைனா அந்தப் பக்கம் வந்தது.

"அடேயப்பா! ஒரு கோணல்கூட இல்லையே அக்கா! ஆமா, குட்டிங்க எங்கே?"

"ஆமா, ஒரு கோணலும் இல்லை" என்றாள் சடைச்சி. போர்வையை மடித்தாள். விரித்தாள். மறுபடியும் மடித்தாள். எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குறையோடாவது இன்று முடிய வேண்டிய காரியத்தை, குறையில்லாமல் நாளை செய்துகொள்ளலாம் என்று பிரித்துப் போடுகிறவர்களுக்கு, அந்தக் காரியம் முடியும்போது யாருக்காகச் செய்தார்களோ அவர்களே இருக்க மாட்டார்கள்.