மீதி முப்பத்துநாலு

"என் வேகம் செத்துப்போச்சுங்க கோச்," என்றான் நல்லசிவம்.

ஜெசிந்தா தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவன் கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரிவரை சைக்கிளிலேயே மலையேறி வந்திருந்தான். மார்கழிக் குளிரிலும் சட்டை பிழியலாம் போல் நனைந்திருந்தது.

"முன்னால எவ்வளவு போனீங்க?"

"மணிக்கு முப்பத்தஞ்சு கிலோமீட்டருங்க. ஒரு வருசமா இருபத்தெட்டத் தாண்ட மாட்டேங்குது."

"வயசு?"

"நாப்பத்தாறு. ஆனா வயசில்லீங்க கோச். வயசுன்னா கொஞ்சங் கொஞ்சமாப் போகும். இது ஒரே நாள்ல போச்சு."

ஜெசிந்தா அவனை ஒரு தடவை பார்த்தார். மறுபடியும் டீயைக் குடித்தார்.

நல்லசிவம் பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருப்பவன். விடிவதற்கு முன்னால் மட்டும் அவன் பந்தய வீரன். இப்படிப்பட்டவர்கள் கோயம்புத்தூரில் நூறு பேராவது இருப்பார்கள். சோறு போடாத காரியத்துக்கு இவ்வளவு சீரா என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். இவர்கள் பதில் சொல்லாமல் டயருக்குக் காற்றடிப்பார்கள்.

பந்தயம் நடப்பது மாசியில். ஆனால் ஜெயிப்பதும் தோற்பதும் மார்கழியில் என்பது இவர்களுக்கு வேதவாக்கு. நாலு பேர் ஓர் அணி. நாலாவது ஆள் எல்லையைத் தொடும் நேரம்தான் அணியின் நேரம். தை முடிவதற்குள் பழைய வேகம் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கேப்டன் சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் ஓட்டிய அணி அது. அதுவும் போய்விட்டால் காலையில் எழுந்திருப்பதற்கே காரணம் இருக்காது என்று நல்லசிவம் பயந்தான்.

அவன் என்னதான் செய்யவில்லை. எடை குறைந்த சக்கரம் மாற்றினான். ரத்தப் பரிசோதனை செய்தான். லேகியம் தின்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கூடத்தையே இடித்துக் கட்டிப் பார்த்துவிட்டான், ஆட்டம்தான் வரவில்லை.

ஜெசிந்தாவுக்கு அவனைவிடப் பதிமூன்று வயது குறைவு. எட்டு வருஷம் மாநிலத்துக்காக ஓட்டினார். முட்டி போனபிறகு, இந்தத் தொழிற்சாலையில் இலை எடைபோடும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மார்கழி பிறந்தால் கீழேயிருந்து யாராவது அவரைத் தேடி மலையேறி வருவார்கள். இவர் அவர்களை சார் என்பார், அவர்கள் இவரை கோச் என்பார்கள். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைவில்லை. பேச்சு மட்டும் ஒரு பக்கத்தில் குறைவு.

"எத்தனை நாள் லீவு?"

"பத்து நாளுங்க."

"நாளைக்கு ஆறு மணிக்கு எஸ்டேட் ரோட்டுக்கு வந்துருங்க. நீங்க முன்னால போங்க. நான் பின்னால வர்றேன்."

நல்லசிவம் ஓர் அடி பின்வாங்கினான்.

"நீங்க முன்னால போங்க கோச். நான் பாத்துக் கத்துக்கறேன்."

"பாக்க வேண்டியது நான் சார்."



காலையில் தேயிலைச் செடிகளின்மேல் உறைபனி விழுந்திருந்தது. எஸ்டேட் ரோட்டில் வண்டி கிடையாது, ஆள் கிடையாது. பத்துக் கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய்த் தொழிற்சாலைக்கே திரும்பி வரும்.

நல்லசிவம் முன்னால் போனான். ஜெசிந்தாவின் முன்சக்கரம் அவன் பின்சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வந்தது.

வரிசையில் ஓட்டுவது இப்படித்தான். காற்றை முன்னால் போகிறவர் வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவருக்குக் கால் மிச்சம். ஆனால் அவருக்கு ரோடு தெரியாது, முன்னவரின் முதுகு மட்டும்தான் தெரியும். அதனால் பள்ளமோ கல்லோ வந்தால், முன்னவர் ஒரு கையை இறக்கி அந்தப் பக்கம் காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூடக் கை காட்டாமல் இருக்க மாட்டார்கள்.

ஒரு சுற்று முடிந்தது. இரண்டு பேர் மூச்சும் புகையாக வந்தது.

"நாப்பத்தோரு தடவ கை காட்டினீங்க," என்றார் ஜெசிந்தா.

"அவ்வளவுங்களா?"

"இந்த ரோட்டுல பள்ளம் ஏழுதான்."

நல்லசிவம் தன் கையுறையைப் பார்த்தான்.

"ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானுங்களே கோச்?"

"இலைக்குக் காட்டினீங்க. நிழலுக்குக் காட்டினீங்க. ஈரத்துக்குக் காட்டினீங்க. கை கீழ போறப்பல்லாம் கால் நின்னுருது. உங்க வேகம் அங்கதான் போகுது."

நல்லசிவத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. நோய் தெரிந்துவிட்டது. லேகியமும் சக்கரமும் தண்டம்.

"அப்ப கையக் குறைச்சுட்டாப் போதுமுங்களா?"

ஜெசிந்தா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"மீதி முப்பத்துநாலு யாருக்கு சார்?"

"உங்களுக்குத்தானுங்க. பின்னால வந்தது நீங்கதானே."

"எனக்கு ஏழு போதும்."

நல்லசிவம் குனிந்து டயரை அழுத்திப் பார்த்தான்.

"தனியா ஓட்டறப்பவும் காட்டறீங்களா?"

ஒரு வருஷமாக அவன் தனியாகத்தான் ஓட்டுகிறான். யாருமில்லாத ரோட்டில், யாருமில்லாத முதுகுப்பக்கத்துக்குக் கை காட்டிக்கொண்டே ஓட்டுகிறான். எதிரே வந்த பால்காரர் ஒருவர் ஒருநாள் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டார்.



அடுத்த மூன்று நாளும் அவன் கையை அடக்கிப் பார்த்தான். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தான். பல்லைக் கடித்தான். கை அவன் பேச்சைக் கேட்கவில்லை.

"முப்பத்தெட்டு," என்றார் ஜெசிந்தா முதல் நாள்.

"நாப்பது," என்றார் இரண்டாம் நாள்.

"நாப்பத்துநாலு," என்றார் மூன்றாம் நாள்.

"வேற பயிற்சி ஏதாவது குடுங்க கோச். கைக்கு, தோளுக்கு."

"கைக்கு ஒண்ணும் இல்ல சார்," என்று சொல்லிவிட்டு அவர் இலை எடைபோடப் போய்விட்டார்.

நல்லசிவத்துக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு தூரம் மலையேறி வந்தது கணக்குக் கேட்கவா என்று முணுமுணுத்தான். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பையைக்கூடக் கட்டினான். பிறகு கேப்டனின் முகம் ஞாபகம் வந்தது, பையை அவிழ்த்தான்.



ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மூடுபனி இறங்கி, தொழிற்சாலையின் புகைபோக்கியே தெரியவில்லை.

"இன்னைக்கு வேண்டாமுங்க கோச். பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல."

"மெதுவாப் போவோம். நான் கொஞ்சம் தள்ளி வர்றேன், கை காட்டினா எனக்குத் தெரியாது. வாயால சொல்லுங்க."

"என்னன்னு?"

"பள்ளம்னு."

ரொம்பச் சின்ன விஷயம். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு ஏறினான்.

பனிக்குள் தன் சக்கரத்தின் சத்தமும் பின்னால் வருகிற சக்கரத்தின் சத்தமும் மட்டும் கேட்டன. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் ரோட்டின் இடதுபக்கம் கறுப்பாக ஒரு பள்ளம், தண்ணீர் நின்றிருந்தது. நன்றாகத் தெரிந்தது. சக்கரத்தைத் திருப்பினான். கை தானாக இறங்கியது.

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

பின்னால் இரும்பு தரையில் விழுந்து இழுபடும் ஓசை கேட்டது.

அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். ஜெசிந்தா ரோட்டில் உட்கார்ந்திருந்தார். முழங்கை தோலுரிந்து ரத்தம் வழிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார்.

நல்லசிவம் ஈரத்தரையில் உட்கார்ந்தான்.

"பாத்தேனுங்க," என்றான். "பாத்தேன். வாய் வரலைங்க. அன்னைக்கும் பாத்தேன்."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினான்.

போன மார்கழி. ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர் நேர் ரோடு. அந்தத் தூரத்தை யார் எத்தனை நிமிஷத்தில் கடந்தார் என்று செல்போனில் ஒரு பட்டியல் ஓடும். நல்லசிவத்தின் பெயர் இரண்டாவது. முதல் பெயருக்கும் அவனுக்கும் மூன்று நொடிதான் வித்தியாசம். மார்கழி மெதுவாக ஓட்டி உடம்புக்கு அடித்தளம் போடும் மாதம் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, ஒருவரும் கேட்பதில்லை.

அவன் முன்னால். வேணுகோபால் பின்னால். வேணு அவனுக்கு இருபது வருஷ நண்பன், ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். முன்னால் போகிறவன் முதுகை நம்பித் தலையைக் குனிந்துகொண்டு மிதித்து வந்தான்.

பள்ளம் தெரிந்தது. கையை எடுத்தால் ஒரு நொடி போகும். நல்லசிவம் சக்கரத்தை மட்டும் ஒடித்துத் திருப்பினான்.

வேணுவின் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

ரோடு சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லசிவமும் ஆமாம் என்றான். பாடைக்குத் தோள் கொடுத்தான். காரியம் முடியும்வரை அந்த வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தான். சிநேகிதன் என்றால் நல்லசிவம் மாதிரி இருக்கணும் என்று ஊர் சொன்னது. அதைக் கேட்டபோது அவனுக்குச் செத்துப்போகலாம் போல் இருந்தது. அதற்கப்புறம் அந்தத் தெருப்பக்கமே அவன் போகவில்லை.

"இத யாருகிட்டயும் சொன்னதில்லீங்க கோச். பெத்த தாய்கிட்டக்கூடச் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்றேன்."

ஜெசிந்தா கைக்குட்டையை எடுத்து ஒரு நுனியைப் பல்லால் கடித்து முழங்கையில் கட்டினார்.

"அன்னைக்கு உங்க பின்னால வந்தது நானா?" என்றார்.

பனி நல்லசிவத்தின் சட்டைக்குள் இறங்கியது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தான், அதுவும் வரவில்லை.

"இந்த ரோட்டுல தினமும் போறீங்களே," என்று கடைசியில் கேட்டான். "இந்தப் பள்ளம் உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்."

அவர் எழுந்து, இரண்டு தொடைக்கும் நடுவில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கோணிப்போன ஹேண்டில்பாரை நேராக்கினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கொஞ்சத் தூரத்தில் பனி அவரை மூடிக்கொண்டது.



நல்லசிவம் தங்கியிருந்த அறைக்குப் போகவில்லை. அப்படியே மலையிறங்கினான். மேட்டுப்பாளையத்தில் வெயில் அடித்தது, அப்போதும் குளிர் விடவில்லை.

வேணுவின் வீட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. சந்துக்குள் மூன்றாவது வீடு. அழைப்புமணியை அழுத்துவதற்குள் இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தான்.

வேணுவின் மனைவி உமாராணி கதவைத் திறந்தாள். ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது அவளுக்கு.

"வாங்ண்ணா," என்றாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை.

அவன் உள்ளே போகவில்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. மிச்சமிருந்ததை மட்டும் சொன்னான்.

"அந்தப் பள்ளத்த நான் பாத்தேன் அம்மிணி. வேணுவுக்குக் கை காட்டல."

உமாராணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுமுங்ண்ணா."

நல்லசிவம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில அவருதான் சொன்னாரு. முன்னால சக்கரம் வளைஞ்சுது, கை எறங்கலைன்னு."

"அப்பறம் ஏன் அம்மிணி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேக்கக் கூடாதுன்னுட்டாரு. அவன் வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்கான், அவனா உள்ள வந்து சொல்லுவான்னாரு."

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மூணு நாளும் கதவத்தான் பாத்துட்டுக் கெடந்தாருங்ண்ணா."