தண்டோராக்காரன் சொன்ன நல்ல செய்தி

மருதங்காட்டை ஆண்ட கொடுங்கோல் ராஜாவை விரட்டக் கடல் தாண்டி ஒரு படை வந்தது. ராஜா ஓடிப்போய் ரெண்டு வருஷமாச்சு; வந்த படை மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வீடு சோதனை, விளைந்த வயலெல்லாம் குதிரைக்குத் தீனி.

ஒருநாள் தளபதி, தண்டோரா போடும் ஒச்சப்பனைக் கூப்பிட்டார். "எங்க ராஜாவோட தூதர் வந்திருக்கார். நாங்க வந்ததுல சனங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்னு அவர் கண்ணால பார்க்கணும். பொழுது சாயறதுக்குள்ள ஊரே தெருவுல ஆடணும். இல்லேன்னா உன் தலை தங்காது."

"அதுக்கென்ன சாமி," என்ற ஒச்சப்பன், தமுக்கை மாட்டிக்கொண்டு போய் நாலு தெருவிலும் என்னவோ அறிவித்தான்.

சாத்திக் கிடந்த கதவெல்லாம் படீர் படீரென்று திறந்தன. பொம்பளைகள் குலவை போட்டார்கள். கிழவர்கள் துண்டைச் சுழற்றி ஆடினார்கள். தூதர் பூரித்துப்போய் ஒச்சப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அப்படி என்னப்பா சொன்னே?"

"படை நாளைக்கே ஊரைவிட்டுக் கிளம்புதுன்னு சொன்னேன் சாமி."

தூதர் முகத்தில் ஈயாடவில்லை. தளபதி பல்லைக் கடித்தார். "நாங்க எங்கேயும் போகப்போறதில்லை. போய் அதையும் சொல்லு!"

ஒச்சப்பன் தெருவுக்கு வந்தான். தமுக்கைத் தட்டக் கை எழவில்லை. தட்டவும் வேண்டியிருக்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்ததுமே குலவை நின்றது. ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்திக்கொண்டது.

கடைசியாக, அவன் தெருவில் நிற்கும்போதே சாத்தியது அவன் வீட்டுக் கதவு.